இருளை வேண்டி நின்றவன்: மக்பெத் நாடகத்தில் இருளும் ஒழுங்கின் குலைவும்



சேக்ஸ்பியரின் துன்பியல் நாடகங்களுள் மிகச் சிறியது மக்பெத். மிக இருண்டதும் அதுவே எனலாம். நம் நினைவில் நிலைத்து நிற்கும் அதன் காட்சிகளில் ஏறத்தாழ எல்லாமே இரவிலோ இருண்ட ஓரிடத்திலோ நிகழ்கின்றன என்பதை ஒக்ஸ்போட் பேராசிரியர் ஏ. சி. பிரட்லி, 1904இல் வெளிவந்த தமது நூலில் எடுத்துக்காட்டினார். டங்கன் மன்னன் கொல்லப்படுவது நள்ளிரவு கடந்த வேளையில். நண்பன் பாங்கோ வெட்டப்படுவது அந்தி மங்கிய பின். விருந்து மண்டபத்தில் ஆவி வந்து அமர்வதும், மக்பெத்தின் மனைவி உறக்கத்தில் எழுந்து நடப்பதும் இரவில்தான்.

ஆனால் இந்த இரவுகள் எல்லாம் இலண்டன் மாநகரில் பட்டப்பகலிலே ஆடப்பட்டவை. 1599இல் தேம்ஸ் நதியின் தென்கரையில் எழுந்த குளோப் அரங்கின் நடுமுற்றத்துக்குக் கூரை கிடையாது. பிற்பகல் இரண்டு மணியளவில் நாடகம் தொடங்கும். முற்றத்தில் நின்று பார்ப்போரின் தலைக்கு மேல் வெறும் வானம். சைமன் போமன் என்ற சோதிட வைத்தியர் 1611இல் அங்கே மக்பெத்தைப் பார்த்துத் தமது குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறார். அவர் கண்ட நள்ளிரவும் பகல் வெளிச்சத்தில் நடந்த நள்ளிரவே. நடிகன் ஒருவன் கையில் பந்தத்தோடு வந்தால் அது இரவு என்று கொள்ள வேண்டும். எஞ்சியது முழுவதும் சொல்லின் பொறுப்பு.

நமது மட்டக்களப்புக் கூத்தோ இதற்கு நேர்மாறு. வடமோடியாயினும் தென்மோடியாயினும் அது இரவுக்கு உரியது. ஊர் அடங்கிய பின் வட்டக்களரியில் மத்தளம் முழங்கும். முற்காலத்தில் எண்ணெய்ப் பந்தங்களும் பின்னர் பெற்றோல்மக்ஸ் விளக்குகளும் எரிந்தன. சபையோர் நாற்புறமும் சூழ்ந்திருக்க, விடியும் வேளையில் வாழி பாடி முடியும். மெய்யான இருளுக்குள் இருந்துகொண்டு நம் அண்ணாவிமார் கொலுமண்டபத்து ஒளியைப் பாட்டாலும் தாளத்தாலும் படைத்தார்கள். மெய்யான வெளிச்சத்துக்குள் நின்றுகொண்டு சேக்ஸ்பியர் இருளைப் படைத்தார். இரண்டுக்கும் முதலாக இருந்தது கேட்போரின் செவி. வானொலியில் நாடகம் கேட்டுப் பழகியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இருளைச் சொல்லாலே படைக்க நேர்ந்ததால் ஒரு பெரும் பேறு விளைந்தது. அந்தச் சொல்லை யார் சொல்கிறார்கள், எதற்காகச் சொல்கிறார்கள் என்பது பொருளுடையதாயிற்று. இந்த நாடகத்தில் இரவு தானாக வருவது குறைவு. ஒருவர் கூப்பிட வருகிறது. அவ்வாறு கூப்பிட்டவர்களுக்கும், கூப்பிடாத ஒரு நாட்டுக்கும் என்ன நேர்ந்தது என்பதையே இன்று பார்க்க விழைகிறேன்.

இந்தப் பார்வைக்கு வழி காட்டியவர் நம் மண்ணின் மைந்தர். களுதாவளையிலிருந்து தெற்கே கல்முனையைக் கடந்து சென்றால் வரும் காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனனார், 1924இல் துறவு பூண்டு சுவாமி விபுலானந்தரானார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தில் அவர் ஆற்றிய நாடகத் தமிழ் பற்றிய உரை விரிந்து, 1926இல் ‘மதங்க சூளாமணி’ என்னும் நூலாயிற்று. மதங்கர் என்பது கூத்தரைக் குறிக்கும் பழஞ்சொல். கூத்தரின் முடிமணி என்ற அந்தப் பெயரை அடிகளார் சூட்டியது சேக்ஸ்பியருக்கு. அடியார்க்கு நல்லார் உரை தரும் நாடக இலக்கணத்தை ஒருபுறமும் தனஞ்சயனின் தசரூபகத்தை மறுபுறமும் வைத்து, நடுவிலே சேக்ஸ்பியரின் பன்னிரண்டு நாடகங்களை எடுத்துக்காட்டாக நிறுத்தினார். மக்பெத்தும் அவற்றுள் ஒன்று. தமிழ்நாட்டில் பம்மல் சம்பந்த முதலியார் இதே நாடகத்தை ‘மகபதி’ என்ற பெயரில் தமிழாக்கினார். அவருக்கு வேண்டியது மேடை. அடிகளாருக்கு வேண்டியது, ஆங்கில நாடகத்தை நம்முடைய மெய்ப்பாட்டுக் கண்கொண்டு பார்க்கலாம் என்று காட்டுவது. அந்தத் துணிவை நாம் பின்னர் போதிய அளவு பயன்படுத்தவில்லை என்பது என் எண்ணம். ஆங்கிலத் திறனாய்வாளர் சொன்னதைத் தமிழில் திருப்பிச் சொல்வதோடு பெரும்பாலும் நின்றுவிட்டோம்.

தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் அச்சத்தை வைத்து, அது பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என்றார். தெய்வம் பேய் முதலான அணங்கு முதலாவது. விலங்கு இரண்டாவது. கள்வர் மூன்றாவது. நான்காவது இறை, அதாவது மனிதனை ஆளும் அரசன். பேயும் புலியும் திருடரும் இருக்கும் வரிசையில் அரசனையும் கொண்டுபோய் நிறுத்திய துணிவை எண்ணி நான் பலமுறை வியந்ததுண்டு. மக்பெத் நாடகம் இந்த நான்கு அச்சங்களின் ஊடாகவே நகர்கிறது. சூனியக்காரிகளிலே தொடங்கி அரசனிலே வந்து முடிகிறது.

அதற்கு முன் வரலாற்றைச் சிறிது பார்க்க வேண்டும். மெய்யான மக்பெத்தின் வரலாற்றில் இவ்வளவு இருள் கிடையாது. 1040ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்தின் எல்ஜின் என்ற இடத்துக்கு அண்மையில் நடந்த போரிலே டங்கன் இறந்தான். நாடகத்தில் வருவது போல அவன் நரைத்த கிழவனல்லன், இள வயதினன். அவனுக்குப் பின் மக்பெத் பதினேழு ஆண்டுகள் அரசாண்டான். 1050இல் உரோமாபுரிக்கு யாத்திரை சென்று வறியவர்க்குப் பொருள் வழங்கினான் என்ற குறிப்பும் உண்டு. 1057இல் டங்கனின் மகன் மல்கமோடு நேர்ந்த போரில் மாண்டான். படுக்கையறைக் கொலையோ, இரத்தம் தோய்ந்த குத்துவாளோ, ஆந்தையின் அலறலோ இந்த வரலாற்றில் இல்லை.

சேக்ஸ்பியருக்குக் கைகொடுத்தது ஹொலின்ஷெட் என்பாரின் பெயரில் 1577இல் வெளிவந்து, 1587இல் விரித்து வெளியிடப்பட்ட வரலாற்றேடு. அந்நூலிலும் மக்பெத் முதற் பத்தாண்டுகள் நல்லாட்சி செய்தவனாகவே காட்டப்படுகிறான். ஆனால் அதே நூலின் வேறோரிடத்தில் டஃப் என்ற இன்னொரு மன்னனின் கதை வருகிறது. அவனுடைய கோட்டைக் காவலன், மனைவியின் தூண்டுதலால், விருந்தாக வந்து துயின்ற மன்னனை இரவிலே கொல்விக்கிறான். அந்தக் கொலைக்குப் பின் ஆறு மாத காலம் பகலில் ஞாயிறும் இரவில் திங்களும் தோன்றவில்லை என்றும், அழகிய குதிரைகள் தம் தசையைத் தாமே தின்றன என்றும், பருந்தினத்துப் பறவையொன்றை ஆந்தை கொன்றது என்றும் ஹொலின்ஷெட் எழுதுகிறார். சேக்ஸ்பியர் செய்தது இதுதான்: ஒரு மன்னனின் கதையிலிருந்து இருளைப் பெயர்த்தெடுத்து மற்றொரு மன்னனின் கதையில் நட்டார். வெற்றிலைக் கொடியை ஒரு தோட்டத்தில் வெட்டி இன்னொரு தோட்டத்தில் ஊன்றுவது எங்கள் ஊரவர்க்குத் தெரிந்த தொழில். ஊன்றிய இடத்தில் அது முன்னையிலும் செழித்து விட்டது.

நட்ட காலமும் அதற்கு இசைவான காலம். 1603இல் ஸ்கொட்லாந்து மன்னன் ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் மன்னனானான். சூனியக்காரரைப் பற்றி 1597இல் ஒரு நூலே எழுதி வெளியிட்டவன் அவன். 1605 நவம்பர் 4ஆம் திகதி நள்ளிரவு வாக்கில், நாடாளுமன்ற மண்டபத்துக்குக் கீழேயிருந்த அறையில் 36 பீப்பாய் வெடிமருந்தோடு கை போக்ஸ் என்பவன் பிடிபட்டான். அவன் கையிலிருந்ததாகச் சொல்லப்படும் விளக்கு ஒக்ஸ்போட்டிலுள்ள அஷ்மோலியன் நூதனசாலையில் வைக்கப்பட்டுள்ளது. மன்னனையும் அவையையும் ஒருங்கே அழிக்க இருட்டறைக்குள் ஒருவன் காத்திருந்தான் என்ற செய்தி இலண்டனை உலுக்கியது. மறு ஆண்டு, சதியை அறிந்திருந்தார் எனக் குற்றஞ்சாட்டப்பட்ட ஹென்றி கார்னெட் என்ற யேசுசபைக் குரு தூக்கிலிடப்பட்டார். அந்த வழக்கில் அடிபட்ட சொல்லொன்று உண்டு. சத்தியம் செய்தபடியே இரு பொருள்படப் பேசி உண்மையை மறைப்பது என்பது அதன் கருத்து. நாம் இரட்டுற மொழிதல் என்போம். காளமேகத்தின் வாயில் அது அணி, கேட்போர் கைதட்டுவர். இலண்டனில் அது கழுத்துக்குக் கயிறாயிற்று. மக்பெத்தில் கொலை நடந்த இரவின் விடியலில் கதவைத் திறக்க வரும் குடிகார வாயிற்காவலன், இப்படி இரட்டுறப் பேசிய ஒருவனை நரகத்துக்கு வரவேற்பதாகப் பிதற்றுகிறான். சூனியக்காரிகள் மக்பெத்தைக் கெடுத்ததும் இரட்டுற மொழிந்தே. பேர்னம் காடு நகர்ந்து வந்தாலன்றித் தோல்வியில்லை, பெண் பெற்ற எவனாலும் சாவில்லை என்ற வாக்குகளை அவன் ஒரு பொருளில் கேட்டான். அவை நிறைவேறியதோ இன்னொரு பொருளில்.

இனி இருளைக் கூப்பிட்டவர்களிடம் வருவோம். டங்கன் தன் மகன் மல்கமை இளவரசனாக அறிவிக்கிறான். அந்த அவையிலேயே மக்பெத் தனக்குள் விண்மீன்களை நோக்கி, உங்கள் தீயை மறைத்துக்கொள்ளுங்கள், என் கரிய வேட்கைகளை வெளிச்சம் காணவேண்டாம் என்று வேண்டுகிறான். அடுத்த காட்சியில் அவன் மனைவி, தடித்த இரவே வா, நரகப் புகையைப் போர்த்துக்கொண்டு வா, என் கத்தி தான் இடும் காயத்தைத் தானே பாராதிருக்கட்டும், வானம் இருட்டுக் கம்பளத்தின் ஊடாக எட்டிப் பார்த்துத் தடுக்காதிருக்கட்டும் என்கிறாள். இருவரும் வெவ்வேறிடத்தில் இருந்துகொண்டு ஒரே வரத்தைக் கேட்கிறார்கள். கணவன் மனைவிக்கிடையே இத்தகைய ஒருமனம் வேறெந்த நல்ல காரியத்துக்கு வாய்த்திருந்தாலும் வாழ்ந்திருப்பார்கள்.

இந்த இடத்தில் கண்ணகியை நினையாதிருக்க முடியவில்லை. கணவன் கள்வனெனக் கொல்லப்பட்டான் என்ற செய்தி கேட்டதும் அவள் முதலில் விளித்தது ஞாயிற்றை. உலகெல்லாம் காண்கின்ற நீ சொல், என் கணவன் கள்வனா என்று பகலவனைச் சாட்சிக்கு அழைத்தாள். அல்லன் என்ற விடையும் கிடைத்தது. பழியற்றவள் வெளிச்சத்தைக் கூப்பிட்டாள். மக்பெத் தம்பதியர் வெளிச்சத்தைப் போகச் சொன்னார்கள். இளங்கோவடிகளும் சேக்ஸ்பியரும் ஒருவரையொருவர் அறியார். ஆனால் வானம் மனிதனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற எண்ணம் இருவருக்கும் பொதுவாக இருந்திருக்கிறது.

இந்த இரு வேண்டுதல்களுக்குப் பின்னால் சேக்ஸ்பியர் ஒரு சிறு வெளிச்சத்தை வைத்தார். டங்கன் இன்வெர்னெஸ் கோட்டை வாயிலுக்கு வருகிறான். காற்று இனிமையாக இருக்கிறதென்று மகிழ்கிறான். சுவர்களிலே சிறு குருவிகள் கூடு கட்டியிருப்பதைப் பாங்கோ சுட்டிக்காட்டி, அவை வாழுமிடத்தில் காற்று மென்மையானது என்கிறான். முழு நாடகத்திலும் ஞாயிறு ஒளிர்வதாகத் தோன்றுவது இரண்டே இடங்களில் என்றும், அவற்றுள் ஒன்று இது என்றும் பிரட்லி சொல்வார். குருவி கட்டிய கூட்டில் குஞ்சு இருக்கும். அந்த வீட்டில் குழந்தை இல்லை. விருந்தாக வந்த முதியவர் அடுத்த நாள் வெளிச்சத்தைக் காணமாட்டார். விருந்தோம்பலை அறத்தின் தலையிலே வைத்த நமக்கு இந்தக் காட்சி தரும் நடுக்கம், ஆங்கில வாசகனுக்குக் கிடைப்பதிலும் கூடுதலாக இருக்கலாம். மக்பெத்துக்கும் அது தெரியாமலில்லை. நான் இவருக்கு உறவினன், குடிமகன், அதற்கும் மேலாக விருந்து அளிப்பவன். கொலைஞன் வந்தால் கதவைச் சாத்த வேண்டியவன் நானே கத்தியை ஏந்தலாமா என்று தனித்திருந்து எண்ணுகிறான். எண்ணிய பின்னரும் ஏந்துகிறான்.

கொலை நடந்ததும் ஒழுங்கு குலைகிறது. குலைவு முதலில் வீட்டுக்குள். இனி உனக்கு உறக்கமில்லை என்று ஒரு குரல் மக்பெத்தின் காதில் ஒலிக்கிறது. பிறகு ஊரில். அன்றிரவு புகைபோக்கிகள் விழுந்தன, காற்றில் புலம்பல் கேட்டது, நிலம் நடுங்கியது என்கிறான் லெனொக்ஸ் என்ற இளைஞன். பிறகு இயற்கை முழுவதிலும். எழுபது ஆண்டு கண்ட கிழவர் ஒருவர், பகலிலே ஞாயிற்றை இருள் மூடியிருப்பதையும், உயரப் பறந்த வல்லூற்றை எலி பிடிக்கும் ஆந்தை கொன்றதையும், டங்கனின் குதிரைகள் கட்டறுத்து ஒன்றையொன்று தின்றதையும் பேசுகிறார். இங்கேதான் ஹொலின்ஷெட்டின் விலங்குகள் வந்து சேருகின்றன. தொல்காப்பியரின் இரண்டாவது அச்சம்.

சிலப்பதிகாரம் படித்தவர்க்கு இது புதிதன்று. ஆய்ச்சியர் சேரியிலே குடத்துப் பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை, ஆட்டுக்குட்டி துள்ளவில்லை, பசுவின் கழுத்துமணி அறுந்து விழுந்தது. பாண்டிமாதேவியின் கனவிலோ செங்கோலும் குடையும் சாய்கின்றன, ஞாயிற்றை இருள் விழுங்குகிறது, இரவில் வானவில் தோன்றுகிறது, பகலில் விண்மீன் விழுகிறது. ஒப்புமை வியக்கத்தக்கது. வேறுபாடு அதனிலும் நோக்கத்தக்கது. இளங்கோவடிகளிடம் தயிர் உறையாதது ஏழை வீட்டின் அடுக்களையிலே தெரிகிறது. அரசியின் கனவிலே விண்மீன் விழுவது பிறகு வருகிறது. தீங்கின் செய்தி முதலில் கிடைப்பது மோர் விற்போருக்கு. சேக்ஸ்பியரிடம் குடிமக்களின் அடுக்களைக்குள் நாம் நுழைவதேயில்லை. இந்த ஓரிடத்திலாவது சேரமுனிவரை ஒரு படி மேலே வைக்க எனக்குத் தயக்கமில்லை.

ஒழுங்கின் குலைவை மிக நுட்பமாகக் காட்டும் காட்சி விருந்து. முடிசூடிய மக்பெத் பிரபுக்களை வரவேற்று, உங்கள் தகுதியின் வரிசை உங்களுக்குத் தெரியும், அவ்வாறே அமருங்கள் என்கிறான். பாங்கோவின் ஆவி வந்து அவனுடைய இருக்கையிலேயே அமர்கிறது. அரசன் பிதற்றுகிறான். ஈற்றில் அவன் மனைவி, வரிசை பார்த்து நிற்காதீர்கள், உடனே போய்விடுங்கள் என்று அனைவரையும் துரத்தாத குறையாக அனுப்புகிறாள். வரிசையில் தொடங்கிய விருந்து வரிசை குலைந்து முடிகிறது. ஒரு நாட்டின் நிலை ஒரு சாப்பாட்டு மேசையில் தெரிந்துவிட்டது. எல்லோரும் போன பின்பு மக்பெத் நேரம் என்ன என்று கேட்கிறான். இரவும் விடியலும் எது எதுவெனச் சண்டையிடும் வேளை என்கிறாள் அவள். வேண்டிப் பெற்ற இரவு இப்போது முடிய மறுக்கிறது.

அதே நாளின் மாலையில் நடந்த பாங்கோவின் கொலையைச் சொல்லாமல் விட்டேன். மக்பெத் மறுபடியும் இரவைக் கூப்பிடுகிறான். இரக்கமுள்ள பகலின் கண்ணைக் கட்டிவிடு என்கிறான். வெளிச்சம் தடிக்கிறது, காகம் காட்டை நோக்கிப் பறக்கிறது என்கிறான். வெளிச்சம் எப்படித் தடிக்கும் என்று மாணவர் கேட்பதுண்டு. மாலையில் வாவிக்கரைக்குப் போய் நில்லுங்கள் என்பேன். எங்களுடையது எழுவான்கரை, ஞாயிறு மறைவது வாவிக்கு அப்பால் படுவான்கரையில். மறைந்த பின்னும் சிறிது நேரம் நீரில் ஒளி கிடக்கும். அது மெல்ல மங்கிக் கூழ்போலக் கனத்து, தோணி எது கண்டல் மரம் எது என்று தெரியாமற் போகும் ஒரு கணம் உண்டு. சேக்ஸ்பியர் சொன்ன வெளிச்சம் அதுதான்.

அந்த வேளையில் பாங்கோவும் மகன் பிளியான்சும் பந்தமொன்றோடு வருகிறார்கள். கொலைஞர் பாய்கிறார்கள். தந்தை வீழ்கிறான். பந்தம் அணைகிறது. மூன்றாமவன், வெளிச்சத்தை அணைத்தது யார் என்று கேட்கிறான். அணைத்ததே வழியல்லவா என்கிறான் மற்றவன். அந்த இருட்டுக்குள் மகன் ஓடித் தப்பிவிடுகிறான். மக்பெத் கூப்பிட்ட இருள், அவன் கொல்ல நினைத்தவனையே மறைத்துக் காத்துவிட்டது. இவ்வளவு பெரிய திருப்பத்தை ஓர் அணைந்த பந்தத்தில் வைத்த நாடகாசிரியர் வேறெவருமிலர் என்பேன்.

மூன்றாவது அச்சம் கள்வர். கடைசி அங்கத்தில் ஆங்கஸ் என்ற பிரபு, மக்பெத்தின் அரசப் பட்டம் அவன்மீது தொளதொளவென்று தொங்குகிறது, இராட்சதனின் அங்கியைக் குள்ளத் திருடன் ஒருவன் மாட்டிக்கொண்டது போல என்கிறான். பொருந்தாத ஆடை பற்றிய உருவகங்கள் இந்நாடகம் நெடுகிலும் வருவதை 1935இல் கரலைன் ஸ்பேர்ஜன் என்ற அம்மையார் தொகுத்துக் காட்டினார். கள்வன் என்ற சொல்லே இங்கு எனக்கு முக்கியம். தொல்காப்பியரின் மூன்றாவது அச்சமும் நான்காவது அச்சமும், கள்வரும் இறையும், இங்கே ஓராளாகி விடுகிறார்கள். மதுரையிலும் அதுவே நிகழ்ந்தது. சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்ததும், கோவலனல்லன், தானே கள்வன் என்று பாண்டியன் உணர்ந்தான். உணர்ந்த கணத்திலே உயிர் துறந்தான். மக்பெத்தும் உணர்ந்தான். இரத்தத்தில் இவ்வளவு தூரம் இறங்கிவிட்டேன், திரும்புவதும் கடப்பதும் ஒரே களைப்பு என்று கணக்குப் பார்த்துத் தொடர்ந்து நடந்தான். பாண்டியன் அரைநாளில் முடித்த கதையை மக்பெத் ஒரு நாட்டின் தலையில் ஆண்டுக்கணக்கில் சுமத்தினான்.

தவறிழைத்த அரசனைத் துன்பியல் நாயகனாக நிறுத்துவது நம் களரிக்கும் வந்து சேர்ந்த ஒன்று. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் தயாரித்த, சி. மௌனகுரு எழுதிய ‘இராவணேசன்’, வடமோடி ஆட்டத்தின் மிடுக்கோடு அதைச் செய்து காட்டிற்று. அதுபற்றித் தனியே பேச வேண்டும்.

நான்காவது அச்சத்துக்கு வருகிறேன். இங்கிலாந்தில் தஞ்சம் புகுந்திருக்கும் மல்கமும் மக்டஃப்பும் தாய்நாட்டுச் செய்தி கேட்க, றொஸ் என்ற பிரபு வருகிறான். நாடு எப்படி இருக்கிறது என்கிறார்கள். அவன் சொல்வது: அதைத் தாய்நாடு என்று சொல்ல முடியாது, புதைகுழி என்றே சொல்ல வேண்டும்; அழுகுரல் கேட்கிறது, யாரும் அதைக் கவனிப்பதில்லை; சாவுமணி அடிக்கிறது, யாருக்காக என்று எவரும் கேட்பதில்லை; நல்ல மனிதர் தம் தொப்பியில் சூடிய பூ வாடுமுன் செத்துப் போகிறார்கள். இந்தப் பேச்சில் சூனியக்காரி இல்லை, பேய் இல்லை, ஆந்தை இல்லை. இருள் என்ற சொல் கூட இல்லை. நாடகத்தின் மிக இருண்ட பகுதி இதுதான் என்று நான் கருதுகிறேன்.

தொண்ணூறுகளில் எங்கள் எழுவான்கரைக் கிராமங்களில் மாலை மங்குமுன் படலை சாத்தப்பட்டுவிடும். நாய் குரைத்தால் லாம்பைத் தணிப்பார்கள். விடியவிடியக் கூத்தாடுவது அக்காலத்தில் அரிதாயிற்று. நான் கற்பிக்கும் மாணவர்களோ 2009க்குப் பின் பிறந்தவர்கள். றொஸின் பேச்சைக் கதையாகச் சொன்னபோது ஒரு மாணவி, மணி அடித்தால் யார் செத்தது என்று கேட்பதுதானே வழக்கம், ஏன் கேட்கவில்லை என்றாள். நியாயமான கேள்வி. உரையாசிரியர்கள் யாரும் இதற்குக் குறிப்பு எழுதியதை நான் காணவில்லை. வீட்டில் அம்மம்மாவைக் கேட்டு வாருங்கள் என்றேன். மறுநாள் அவள் கொண்டு வந்த விடை இது: “கேட்டால் கேட்டவரையும் கேட்பாங்களாம், சேர்.” வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை.

றொஸ் உடனே எல்லாவற்றையும் சொல்லிவிடவில்லை. மக்டஃப்பின் மனைவி மக்கள் எப்படி என்ற கேள்விக்கு முதலில் அமைதியாக இருக்கிறார்கள் என்றே விடையளிக்கிறான். அதுவும் இரட்டுற மொழிதல்தான்; இறந்தவர்க்கும் அமைதி உண்டு. இரக்கத்தினால் பேசப்பட்ட இரட்டுற மொழி இந்த நாடகத்தில் இது ஒன்றே. பிறகு மெய் வெளிவருகிறது. ஆண்பிள்ளையாகத் தாங்கிக்கொள் என்று மல்கம் தேற்றும்போது மக்டஃப், தாங்குவேன், ஆனால் மனிதனாக அதை உணரவும் வேண்டும் என்கிறான். அரசனிடம் பிறந்த அச்சத்துக்கு நாடகம் தரும் முதல் மறுமொழி வாளினால் வந்ததன்று. நெடுநேரம் அழ முடியாதிருந்த ஒருவன் அழுதான்; அங்கிருந்தே படை புறப்படுகிறது.

இருளை முதலில் முழுமனதோடு அழைத்தவள் மக்பெத்தின் மனைவி. ஐந்தாம் அங்கத்தில் அவள் உறக்கத்தில் நடந்து வரும்போது கையில் ஒரு விளக்கு இருக்கிறது. விளக்கு எங்கிருந்து கிடைத்தது என்று வைத்தியர் கேட்கிறார். எப்போதும் தன்னருகே விளக்கு எரியவேண்டும் என்பது அவருடைய கட்டளை என்கிறாள் தோழிப்பெண். இதற்கு மேல் சேக்ஸ்பியர் விளக்கவில்லை. அவள் இறந்த செய்தி வந்ததும் மக்பெத் வாழ்வை ஒரு குறுகிய மெழுகுதிரியாகக் கண்டு, அணைந்துபோ என்கிறான். விண்மீன்களை அணையச் சொல்லித் தொடங்கியவனுக்கு ஈற்றில் அணைக்கச் சொல்ல எஞ்சியிருந்தது ஒரு திரி. சற்றுப் பின்னர் ஞாயிற்றைப் பார்க்கவும் அலுத்துவிட்டது என்கிறான். அந்த ஞாயிறு குளோப் அரங்கில் அவன் தலைக்கு மேலேயே காய்ந்துகொண்டிருந்திருக்கும். பிற்பகலும் முடியும் வேளை அது.

மக்டஃப் தலையோடு வருகிறான். மல்கம் மன்னனாகிறான், நாடு கடந்து போனவர்களைத் திரும்ப அழைப்பேன், எல்லாவற்றையும் உரிய அளவில், உரிய காலத்தில், உரிய இடத்தில் செய்வேன் என்கிறான். ஒழுங்கு திரும்புகிறது என்று பாடநூல்கள் எழுதும். ஆனால் பந்தம் அணைந்த இருட்டில் ஓடிய பிளியான்ஸ் பிறகு மேடைக்கு வரவேயில்லை. எங்கே போனான், யார் சோறு கொடுத்தார்கள் என்று எவரும் கேட்கவுமில்லை. அவன் வழியில் வந்ததாகத் தன் குலத்தைக் கருதிய ஜேம்ஸ் மன்னன் அப்போது இலண்டனில் அரியணையில் இருந்தான்.